படுத்துகிறாரா, படுகிறாரா?

டிமென்ஷியா வந்த முதியவர் கத்துகிறார், அடிக்கிறார், ஒரு இடத்தில் உட்காராமல் நடக்கிறார், கேட்டதையே ஐம்பது தடவை கேட்கிறார். மருத்துவ உலகம் இதையெல்லாம் 'அஜிடேஷன்' என்ற ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறது. தமிழில் இதைக் 'கிளர்ச்சி' என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் என்னவோ வெள்ளைக்காரனை எதிர்த்துக் கொடி பிடித்த மாதிரி இருக்கிறது. வீடுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ரொம்பப் படுத்துறாருங்க" என்பார்கள். அதுதான் நம் சொல்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'படு' என்றால் அனுபவிப்பது: கஷ்டப்படுகிறார், வேதனைப்படுகிறார், பயப்படுகிறார். 'படுத்து' என்றால் அடுத்தவரை அனுபவிக்க வைப்பது. ஒரே வினைதான், நடுவில் ஒரு 'த்து' சேர்ந்ததும் கஷ்டம் ஆள் மாறிவிடுகிறது. 'படுகிறார்' என்றால் பிரச்சினை அவருக்கு. 'படுத்துகிறார்' என்றால் பிரச்சினை நமக்கு.

சில மாதங்களாக இந்த அஜிடேஷன் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். என் பெரியப்பாவுக்கு டிமென்ஷியா, காரணம் அதுதான். படித்ததில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் துறையில் அதிகம் பயன்படும் அளவுகோல் அளப்பது படுத்துவதை. படுவதை அளக்க அதில் இடமே இல்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டித்தான் "நோயாளிக்கு முன்னேற்றம்" என்று எழுதுகிறார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

29 கேள்விகள்

அளவுகோலின் பெயர் கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் அஜிடேஷன் பட்டியல். ஜிஸ்கா கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க முதியோர் இல்லங்களில் செய்த வேலையிலிருந்து உருவானது. மொத்தம் 29 நடத்தைகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை தடவை நடந்தது என்று, அவரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் 1. ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை என்றால் 7. ஆக மொத்த மதிப்பெண் 29-க்கும் 203-க்கும் நடுவில் எங்கேயாவது விழும்.

என்னென்ன நடத்தைகள்? அடிப்பது, உதைப்பது, கடிப்பது, பொருளைத் தூக்கி எறிவது இருக்கின்றன. நோக்கமில்லாமல் நடப்பது, வேறு இடத்துக்குப் போக முயல்வது, பொருட்களை ஒளித்து வைப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவையும் இருக்கின்றன. அதோடு 'குறை சொல்வது' என்று ஒன்று. 'தேவையில்லாமல் ஓயாது கவனிப்போ உதவியோ கேட்பது' என்று இன்னொன்று.

கடைசி இரண்டையும் படித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒருவர் குறை சொல்கிறார் என்றால் அவருக்கு ஏதோ குறை இருக்கலாம். உதவி கேட்கிறார் என்றால் உதவி வேண்டியிருக்கலாம். அது தேவையில்லாதது என்று யார் முடிவு செய்வது? பட்டியலின்படி, பார்த்துக்கொள்கிறவர். கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் அஜிடேஷனுக்குத் தந்த வரையறையே அப்படித்தான்: அந்த நபரின் தேவையிலிருந்தோ குழப்பத்திலிருந்தோ நேரடியாக வந்ததாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றாத, பொருத்தமற்ற பேச்சு, சத்தம், அசைவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காரணம் தெரியவில்லை என்றால் அது அஜிடேஷன். காரணம் தெரிந்துவிட்டால் அது தேவை. அதாவது இந்தச் சொல்லுக்கு உள்ளேயே நம்முடைய தெரியாமையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். இதை மறைக்காமல் வரையறையில் எழுதி வைத்தவர் அவரேதான். பிறகு பல வருடங்கள், 'இந்த நடத்தைக்குப் பின்னால் நிறைவேறாத தேவை என்ன' என்று தேடும் ஆய்வுகளைச் செய்தவரும் அவரேதான். அவரும் குழுவினரும் கண்டுபிடித்த தேவைகளில் முன்னால் நிற்பவை சலிப்பு, தனிமை, செய்வதற்கு அர்த்தமுள்ள வேலை எதுவும் இல்லாமை. செய்தவர் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். செய்த கருவி மட்டும் மருந்துச் சோதனைகளில் தங்கிவிட்டது.

இன்னொரு சிக்கல், அது எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது. கடுமையைப் பார்ப்பதில்லை. ஒருவர் வாரத்துக்கு ஓரிரு தடவை கையை ஓங்கி அடிக்கிறார் என்று வையுங்கள், மதிப்பெண் 3. அது முழுக்க நின்றுவிட்டால் 1. இரண்டு புள்ளி குறைந்தது. இன்னொருவர் "மணி என்ன?" என்று ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை கேட்கிறார், 7. அது வாரம் ஒரு தடவைக்கும் கீழே போனால் 2. ஐந்து புள்ளி குறைந்தது. அடி நிற்பதைவிடக் கேள்வி நிற்பது இந்தக் கணக்கில் பெரிய வெற்றி. மணி கேட்டவருக்கு என்ன ஆச்சு, ஏன் கேட்பதை நிறுத்தினார் என்பதற்கு இதில் கட்டம் கிடையாது.

நாள் முழுக்க மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும்? 29. பட்டியலில் அதைவிட நல்ல மதிப்பெண் இல்லை. படுத்துறார் என்ற ஆள் படுத்துட்டார், அவ்வளவுதான்.

ஐந்து புள்ளி

இது வெறும் தத்துவச் சண்டை இல்லை. 2023 மே மாதம், அல்சைமர் டிமென்ஷியாவில் வரும் அஜிடேஷனுக்கு என்றே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முதல் தடவையாக ஒரு மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெயர் பிரெக்ஸ்பிப்ரசோல். மனச்சிதைவு நோய்க்குத் தரும் மருந்துகளின் வகையைச் சேர்ந்தது. ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனைகளில் ஒன்று 345 பேரை வைத்து 12 வாரம் நடந்தது. ஆரம்பத்தில் இரண்டு குழுவுக்கும் சராசரி மதிப்பெண் 80 வாக்கில். முடிவில், மருந்து சாப்பிட்ட குழுவுக்கு 22.6 புள்ளி குறைந்தது. பொம்மை மாத்திரை சாப்பிட்ட குழுவுக்கு 17.3 புள்ளி குறைந்தது. வித்தியாசம் 5.3.

புள்ளியியல்படி இது தற்செயல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சோதனையில் தூக்கக் கலக்கமும் பெரிய அளவில் பதிவாகவில்லை. ஆகவே "எல்லாரையும் மயக்கிப் போட்டுத்தான் எண்ணைக் குறைத்தார்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இருப்பது வேறு இரண்டு கேள்விகள்.

முதல் கேள்வி, அந்த 17.3 எங்கிருந்து வந்தது? மாத்திரைக்குள் மருந்தே இல்லை. கொஞ்சம், நோயின் இயல்பான ஏற்ற இறக்கம். நிலைமை மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஒருவரைச் சோதனையில் சேர்ப்பார்கள்; மோசமானது எப்படியும் கொஞ்சம் தணியும். கொஞ்சம், நம்பிக்கை. 'மாத்திரை வேலை செய்யுது' என்று நினைக்கும் மகளோ நர்ஸோதானே பதில் சொல்கிறார்? கொஞ்சம், சோதனைக்காக ஒரு குழு அடிக்கடி வந்து பார்த்து, கேட்டு, கவனித்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் மருந்துக் குழுவில் நடந்த முன்னேற்றத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு மருந்து இல்லாதவர்களுக்கும் நடந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கட்டுரைகள் 'பிளாசிபோ விளைவு' என்று தள்ளிவிட்டு மிச்சம் 5.3-ஐ மட்டும் தூக்கிப் பிடிக்கின்றன. வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற எனக்கு அந்த 17-தான் சுவாரசியம்.

இரண்டாவது கேள்வி, 5.3 புள்ளி என்றால் வீட்டில் என்ன மாறும்? மேலே சொன்ன கணக்கில் ஒரே கேள்வி நின்றுபோவது அது. அல்லது ஐந்து நடத்தைகள் தலா ஒரு படி இறங்குவது. அந்த நபர் நிம்மதியாக இருக்கிறாரா? தெரியாது. அந்த எண் அதைச் சொல்லாது.

சர்வதேச முதியோர் மனநலச் சங்கம் 2015-ல் அஜிடேஷனுக்கு ஒரு பொது வரையறை கொண்டுவந்தது. அதில் அந்த நபருக்கு உணர்ச்சித் துயரம் இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். கவனிப்புச் சரியில்லாததால் மட்டுமே வந்தது என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. நல்ல வரையறை. அந்த வரையறையில் 'படுவது' வந்துவிட்டது. ஆனால் சோதனையில் ஆளைச் சேர்க்க ஒரு வரையறை, முடிவை அளக்க இன்னொரு பட்டியல் என்று ஆகிவிட்டதால், உள்ளே நுழையும்போது இருந்த துயரம் வெளியே வரும்போது கணக்கில் இல்லை.

கொடுக்கும் விலை

ஐந்து புள்ளிதானே, கிடைத்தது லாபம் என்று எடுத்துக்கொள்ளலாமே? எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லாவிட்டால்.

2005-ல் எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகளின் மேல் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், டிமென்ஷியா முதியவர்களில் மருந்து சாப்பிட்டவர்களின் இறப்பு வாய்ப்பு பொம்மை மாத்திரைக்காரர்களைவிட 1.6 முதல் 1.7 மடங்கு. வழக்கமான பத்து வாரச் சோதனையில் 2.6% என்பது 4.5% ஆகிறது. இதயம் நின்றுபோவது, நிமோனியா போன்றவைதான் பெரும்பாலும் காரணம். 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. பிரெக்ஸ்பிப்ரசோல் 2023-ல் ஒப்புதல் பெற்றபோதும் அந்த எச்சரிக்கை தொடர்ந்தது.

பிரிட்டனில் ஏற்கெனவே இந்த மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 165 அல்சைமர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தைத் தொடர்ந்தும் மறுபாதிக்குப் பொம்மை மாத்திரைக்கு மாற்றியும் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு: ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்து தொடர்ந்தவர்களில் 70%, நிறுத்தியவர்களில் 77%. இரண்டு வருடத்தில் 46%, 71%. மூன்று வருடத்தில் 30%, 59%. சிறிய சோதனைதான், கடைசி வருடங்களில் கண்காணிப்பில் இருந்தவர்கள் இன்னும் குறைவு. இருந்தாலும் இடைவெளி போகும் திசை தெளிவு.

அதே 2009-ல் சுபே பானர்ஜி என்ற பேராசிரியர் பிரிட்டன் சுகாதாரத் துறைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அவர் போட்ட கணக்கு இது. நாட்டில் டிமென்ஷியா உள்ளவர்களில் வருடத்துக்கு 1,80,000 பேருக்கு இந்த மருந்துகள் தரப்படுகின்றன. பலன் பெறுவோர் சுமார் 36,000 பேர், அதாவது ஐந்தில் ஒருவர். கூடுதலாக வரும் பக்கவாதம் போன்ற மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 1,620. கூடுதல் மரணங்கள் 1,800. இந்த அறிக்கைக்குப் பிறகு அங்கே மருந்துச்சீட்டு எழுதும் பழக்கமே மாறியது. இங்கிலாந்தில் நடந்த தணிக்கை ஒன்றில், டிமென்ஷியா உள்ளவர்களில் இந்த மருந்து பெற்றவர்கள் 2006-ல் சுமார் 17%, 2011-ல் சுமார் 7%. ஐந்து வருடத்தில் பாதிக்கும் மேல் குறைக்க முடிந்தது என்றால், அதற்கு முன்பு கொடுத்ததில் எவ்வளவு அவசியமில்லாமல் கொடுத்தது?

பானர்ஜியின் கணக்கில் 36,000 என்ற எண்ணையும் மறக்கக் கூடாது. மருந்து சிலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. என் வாதம் மருந்து கூடாது என்பது இல்லை. உதவுகிறதா என்று தீர்மானிக்கும் இடத்தில் நோயாளியின் கஷ்டத்துக்கு நாற்காலி போடவில்லை என்பதுதான்.

வலி என்று ஒன்று

என் பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். குளிப்பாட்டிச் சட்டை மாற்றும்போது அடிப்பார். யார் செய்தாலும் அடிதான். பெரியம்மா ஒருநாள் சொன்னாங்க, "இவரு சும்மா அடிக்கலடா. பனியனை இடது கை வழியா இழுக்கும்போதுதான் அடிக்கிறாரு. வலது கையை நுழைக்கிற வரைக்கும் சமத்தா இருக்காரு." மருத்துவரிடம் காட்டியதில் இடது தோள் இறுகிப்போயிருந்தது. அவரால் 'தோள் வலிக்குது' என்று சொல்ல முடியவில்லை. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாக மாற்றி, முதலில் இடது கையை நுழைத்து, வலிக்கு மாத்திரையும் கொடுத்ததில் அடி பெரும்பாலும் நின்றது. சாயங்காலமானால் "வீட்டுக்குப் போலாமா" என்று வாசலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. இன்னமும் போகிறார். எல்லாவற்றுக்கும் ஒரு சட்டை கிடைப்பதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை. கதையிலிருந்து அறிவியல் செய்ய முடியாது. ஆனால் நார்வேயில் பெட்டினா ஹுசேபோவும் குழுவினரும் இதே சந்தேகத்தைச் சோதனையாகவே செய்திருக்கிறார்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 18 முதியோர் இல்லங்கள், 352 பேர்; எல்லாருக்கும் நடுத்தரம் முதல் கடுமையான டிமென்ஷியா, கூடவே நடத்தைப் பிரச்சினை. ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு எட்டு வாரம் படிப்படியான வலி நிவாரணம். பெரும்பாலானோருக்கு அது பாராசிட்டமால்தான். சிலருக்கு மட்டும் அதைவிடப் பலமான மருந்து. அளவுகோல் அதே கோஹென்-மான்ஸ்ஃபீல்ட் பட்டியல். எட்டு வாரத்தில் வலி நிவாரணக் குழுவுக்கு 17% குறைந்தது. புள்ளியில் சொன்னால் மற்ற குழுவைவிட ஏழு புள்ளி வாக்கில். வலி மருந்தை நிறுத்தியதும் அடுத்த நான்கு வாரத்தில் அஜிடேஷன் திரும்ப ஏறியது.

ஏழு புள்ளி, 5.3 புள்ளி என்று பக்கத்தில் வைத்து 'பாராசிட்டமால் ஜெயித்தது' என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதக் கூடாது. நார்வே சோதனையில் பொம்மை மாத்திரை இல்லை. ஒப்பிட்டது வழக்கமான கவனிப்போடு. மேலே பார்த்த அந்த 17 புள்ளி விவகாரம் இங்கேயும் கொஞ்சம் கலந்திருக்கலாம். நாடு வேறு, ஆட்கள் வேறு. நான் இதை எடுத்துக் காட்டுவதற்குக் காரணம் வேறு. பட்டியலில் 'அடிப்பது', 'கத்துவது' என்று விழுந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி உண்மையில் வலியின் மதிப்பெண். அளவுகோலுக்கு அது தெரியவில்லை; அதன் கண்ணில் எல்லாம் அஜிடேஷன்.

வலியைச் சொல்ல முடியாதவரின் வலியைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. 2003-லேயே 'பெய்னாட்' என்ற எளிய அளவுகோல் வந்துவிட்டது. மூச்சு, முனகல், முகபாவம், உடல் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா – இந்த ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை போடுவது. சில நிமிட வேலை. ஒவ்வொரு அஜிடேஷன் சோதனையும் இதையும் சேர்த்து அளந்திருந்தால் இன்று நமக்கு எவ்வளவோ தெரிந்திருக்கும்.

பார்த்துக்கொள்கிறவர் பக்கம்

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அநியாயம். படுத்துவதும் நிஜம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவை இடிக்கும் மாமனாரை, பகலெல்லாம் சமைத்துத் துவைத்து வேலைக்கும் போய் வந்த ஒரு மருமகள் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர் தூக்கத்துக்கு விலை இல்லையா? இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4% பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-ல் வந்த தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இவர்களில் பெரும்பாலானோர் இருப்பது வீட்டில். நார்வேயின் முதியோர் இல்லத்தில் மூன்று ஷிப்ட் நர்ஸ் இருப்பார். இங்கே மூன்று ஷிப்டும் பெரும்பாலும் ஒரே பெண்.

ஆகவே பார்த்துக்கொள்கிறவரின் கஷ்டத்தை அளப்பது தப்பே இல்லை. அளக்கட்டும். அதை அந்தப் பெயரிலேயே அளக்கட்டும் என்கிறேன். ஜெஃப்ரி கம்மிங்ஸ் 1994-ல் உருவாக்கிய இன்னொரு அளவுகோலில், பிறகு 'பார்த்துக்கொள்கிறவரின் துயரம்' என்று தனிப் பத்தியே சேர்த்தார்கள். அது நேர்மையான ஏற்பாடு. மருமகளின் தூக்கத்துக்காக மாமனாருக்கு மாத்திரை தருகிறோம் என்றால், அதை அப்படியே சொல்லி, அதன் ஆபத்தையும் சொல்லி, குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்யலாம். சில வீடுகளில் அது சரியான முடிவாகவும் இருக்கும். "அவருக்கு அஜிடேஷன், அதற்கு வைத்தியம்" என்ற பெயரில் அதைச் செய்யும்போது யாருக்கு என்ன தருகிறோம் என்பதே மறைந்துபோகிறது.

மருந்தை வெறுமனே பிடுங்கிவிடுவதும் பதில் இல்லை. இதற்கும் சோதனை இருக்கிறது. பிரிட்டனில் 16 முதியோர் இல்லங்களில், 277 பேரை வைத்து நடந்தது, 2016-ல் வந்தது. மருந்தை மறுபரிசீலனை செய்ததில் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. மறுபரிசீலனையோடு, பேசிப் பழகும் நேரத்தையும் கூட்டிய இல்லங்களில் இறப்பும் குறைந்தது. ஆனால் மருந்தைக் குறைத்துவிட்டு வேறு எதையும் சேர்க்காத இல்லங்களில் நடத்தைப் பிரச்சினைகள் மோசமாயின. எடுத்த இடத்தில் ஒன்றை வைக்க வேண்டும். என்ன வைப்பது? அதே குழு 69 இல்லங்களில் 847 பேரை வைத்துச் செய்த அடுத்த சோதனை 2018-ல் வந்தது. ஊழியர்களுக்கு ஆளைப் பார்த்துக் கவனிக்கும் பயிற்சி, மருந்து மறுபரிசீலனை, கூடவே அவருக்குப் பிடித்த விஷயத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரப் பழக்கம். வாழ்க்கைத் தரமும் கூடியது, அஜிடேஷனும் குறைந்தது. பலன் பிரமாதம் இல்லை, சுமார்தான். ஆனால் பயப்படாமல் கொடுக்கக்கூடிய மருந்து அது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பதே அங்கே கூடுதல் என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகுமுன்

நான் மருத்துவன் இல்லை. ஆனால் படித்ததிலிருந்து, வீட்டில் ஒருவர் திடீரென்று 'படுத்த' ஆரம்பித்தால் என்ன வரிசையில் யோசிப்பேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஓரிரு நாளில் ஆள் அடியோடு மாறிவிட்டார் என்றால் அதை டிமென்ஷியா தலையில் கட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நிமோனியா, தண்ணீர் போதாமை, புதிதாக ஆரம்பித்த மாத்திரை – இவற்றில் ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். சளி, அலர்ஜிக்குத் தரும் சில பழைய மாத்திரைகளும், சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரும் சில மாத்திரைகளும் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.

அடுத்து உடம்பு. பல், ஈறு, தோள், முட்டி, புண், நகம், காது. கண்ணாடி அவருடையதுதானா, காது மிஷினில் பேட்டரி இருக்கா?

அப்புறம், ஒரு நோட்டு. 'இன்னிக்கும் ரகளை' என்று எழுதினால் அதிலிருந்து யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார், எதைச் செய்ததும் அடங்கினார் என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் ஹெலன் கேல்ஸ், லாரா கிட்லின், கான்ஸ்டன்டைன் லிக்கெட்சோஸ் ஆகியோர் சொல்லும் நான்கு படி முறையிலும் முதல் படி இதுதான்: விவரி. பிறகு காரணம் தேடு, திட்டம் போடு, வேலை செய்ததா என்று திரும்பிப் பார். பெரியம்மா பனியனைக் கண்டுபிடித்தது இப்படித்தான், நோட்டு இல்லாமலேயே.

இதற்கெல்லாம் பிறகும் அவரோ மற்றவரோ காயப்படும் ஆபத்து இருந்தால், அல்லது அவர் தாங்க முடியாத துயரத்தில் இருந்தால், மருந்து பற்றிப் பேசலாம். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் 2018-ல் சொன்னதும் இதே அளவுதான்: மிகக் குறைந்த டோஸ், மிகக் குறைந்த காலம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது மறுபரிசீலனை. சீட்டு எழுதும்போதே "டாக்டர், இதை எப்போ நிறுத்திப் பார்ப்போம்?" என்று தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத ஆட்கள் தெரிவதாகச் சொல்வது, கை கால் இறுக்கம், நாளுக்கு நாள் மாறும் தெளிவு ஆகியவை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மிக ஆபத்தாக முடியும். ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

அளவுகோலை மாற்றுவது ஆய்வாளர்கள் வேலை. நம் நோட்டை நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் நமக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு. இன்னொன்றில், முகத்தையும் மூச்சையும் கையின் இறுக்கத்தையும் பார்த்து, அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், பத்துக்கு. மாத்திரை ஆரம்பித்தால் அதற்குப் பிறகும் இரண்டையும் தொடர்ந்து எழுதுங்கள். முதல் பத்தி மட்டும் குறைந்து இரண்டாவது அப்படியே இருந்தால், அல்லது இரண்டாவதில் எழுத எதுவுமே இல்லாமல் அவர் தூங்கிக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கத்தை அடுத்த தடவை மருத்துவரின் மேசையில் விரித்து வையுங்கள்.